மீன் இல்லாத நாளில் ஊதிய சங்கு

பெருங்கடல் மதில்மேல் மோதி ஊரே அதிரும் குளிர்கால இரவுகளில் ஹத்தா அசையாமல் தூங்குவாள். பக்கத்து வீட்டில் சண்டை நடந்து பாத்திரம் பறந்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டாள். ஆனால் மூன்று குட்டைக் கூவலும் அதன் பின்னால் ஒரு நீண்ட இழுப்பும் காற்றில் வந்தால் போதும். கண் திறப்பதற்கு முன்பே அவள் கால் ரப்பர் பூட்ஸுக்குள் போயிருக்கும்.

அது ஹாஜி தாஹரின் மத்தி ஆலைச் சங்கு. அஸ்ஃபி என்னும் அந்தத் துறைமுக ஊரில் ஆலைக்கு ஆலை சங்கு வேறு. ஒன்று கழுதை மாதிரிக் கத்தும், ஒன்று விட்டுவிட்டு இருமும். ஆண்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். பெண்களுக்குத்தான் தெரியும், எது தன்னைக் கூப்பிடுகிறது, எது அடுத்தவளைக் கூப்பிடுகிறது என்று. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் தன் ஆலைச் சங்கு கேட்டால் மார்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். அடுத்த ஆலைச் சங்குக்கு அவள் காது திறக்கவே திறக்காது.

படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த மீன் காத்திருக்காது. அதனால் பெண்கள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குக் கூலி கிடையாது, கத்தி பிடித்தால்தான் கூலி. ஆனால் காத்திருக்காதவளுக்குக் கத்தியும் கிடையாது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார்களோ, அஸ்ஃபி முதலாளிகள் எல்லோரும் அதில் நன்றாகத் தேறியிருந்தார்கள். சங்கு எட்டும் தூரம்தான் ஹத்தாவின் உலகமாக இருந்தது. அவளுடைய அம்மா உள்நாட்டுக் கிராமத்தில் செத்துப்போன அன்று பஸ் நிலையத்தில் நிற்கும்போது சங்கு ஊதியது. ஹத்தா பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது மேஸ்திரி ஜிலாலி அவளைப் பல நாள் வாசலிலேயே நிறுத்திவைத்தான்.

"உங்கம்மா ஒரு தடவதான் சாவா. மீனு தெனமும் சாகுது. எது முக்கியம்னு நீயே யோசி," என்றான்.

"நீ செத்தா நான் மீனைப் பாக்கவே போவேன் மேஸ்திரி, கவலப்படாத," என்றாள் ஹத்தா. அதற்காக இன்னும் சில நாள் நின்றாள்.

அப்படிப்பட்ட நாக்கு அவளுக்கு. கத்தி முனையில் மத்தியின் தலையை ஒரே கிள்ளில் எடுத்துக் குடலோடு உருவிப்போடும் விரல்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஒரே மேஜை, அந்த ஒரே பலகை. உடம்பில் ஊறிய மீன் வாடையை எந்தப் பொதுக் குளியலறையின் வெந்நீரும் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வயலெல்லாம் வறண்டு வெடித்த அந்த வருஷத்தில், கடலும் கைவிரித்தது. கடல் ஒன்றும் தானாகக் கைவிரிக்கவில்லை. பெரிய படகுக்காரர்கள் குஞ்சு பொடி எல்லாவற்றையும் வாரி எடுத்தார்கள். மிச்ச மீன் தெற்கே போனது. முதலாளிகளின் பணம் மீனுக்கு முன்னாலேயே தெற்கே போயிருந்தது. அங்கே புது ஆலைகள் எழும்பின. அஸ்ஃபியில் சங்குகள் ஒவ்வொன்றாக ஊமையாயின.

ஒரு ஆலை நின்றால் ஆலை மட்டும் நிற்பதில்லை. படகு கட்டிக்கிடந்தது, அதனால் வலை கிழியவில்லை, வலை தைப்பவன் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். மீன் இல்லாததால் பனிக்கட்டி ஆலை பூட்டியது. தகர டப்பா அடிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலை வாசலில் ரொட்டியும் பயறுக் கஞ்சியும் விற்றவள் அடுப்பை அவித்தாள். பெண்கள் வராததால் பொதுக் குளியலறைக்காரன் வாரத்தில் பாதி நாள் நெருப்பு மூட்டவில்லை. ஒரே ஒரு தொழில் மட்டும் கொழித்தது. பெரிய பள்ளிவாசல் சந்தில் தாயத்து எழுதுகிறவன், மீன் திரும்பி வருவதற்கென்று ஒரு தாயத்தைக் கண்டுபிடித்து, கையில் இருந்த கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டான்.

பசி வந்த வீட்டில் அறிவு வாசற்படியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தொழிலாளியும் அடுத்த தொழிலாளியைக் கடித்தான். படகுக்காரர்கள் குஞ்சைப் பிடித்ததால்தான் இந்தக் கதி என்றான் பனிக்கட்டிக்காரன். பனிக்கட்டிக்காரன் உருகிய கட்டியைக் கொடுத்து மீனைக் கெடுத்தான் என்றான் படகுக்காரன். எல்லாவற்றுக்கும் பெண்கள் வேலைக்குப் போனதுதான் காரணம் என்றான் வேலையே செய்யாத ஒருவன். ஹாஜி தாஹர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் ரமலானில் சர்க்கரைக் கட்டி கொடுப்பவர்.

தெருப் பொது அடுப்பில் ரொட்டிப் பலகையோடு வரிசையில் நிற்கும்போது ஹத்தாவுக்கும் புஷைபுக்கும் சண்டை வந்தது. புஷைப் பனிக்கட்டி ஆலையில் கட்டி சுமந்து, லாரியும் ஓட்டியவன். கட்டியை இழுக்கும் இரும்புக் கொக்கியை வேலை போன பிறகும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான்.

"தள்ளி நில்லு. உன் நாத்தம் என் ரொட்டில ஏறுது," என்றான் அவன்.

"இந்த நாத்தத்த வெச்சுதான்டா இத்தன வருஷம் உன் ஐஸு வித்துச்சு," என்றாள் ஹத்தா.

"மத்திக்காரி வாய்க்கு ஒரு மூடி போடணும். டப்பாவுக்குப் போடுவீங்களே, அந்த மாதிரி."

ஹத்தா அவன் இடுப்பிலிருந்து கொக்கியை உருவி அடுப்புக் கல்லில் ஒரே அடி அடித்தாள். கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. ரொட்டிக்காரன் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அன்று இரண்டு வீட்டிலும் ரொட்டி வேகவில்லை.

சித்திரை வைகாசி வெயில் ஏறும் காலத்தில் மேஸ்திரி ஜிலாலியே ஆலைப் பெண்களைத் தேடி வந்தான். அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவ்வளவு இனிப்பு.

"ஏம்மா சும்மா உக்காந்து பட்டினி கெடக்கறீங்க? மலங்காட்டுல கப்பார் மொட்டுப் பறிக்க ஆள் தேடறாங்க. தெனமும் விடியக்காலையில லாரி வரும். போங்க. மீனு வந்தா நானே சொல்லி அனுப்பறேன். உங்க எடம் எங்கயும் போகாது."

கப்பார் என்பது கல்லாங்காட்டில் படரும் முள்செடி. பூப்பதற்கு முன் அதன் பச்சை மொட்டைப் பறித்து, உப்பில் ஊறவைத்துக் கப்பலேற்றுவார்கள். வெள்ளைக்காரன் அதை மீன்மேல் தூவித் தின்பானாம். வெயில் ஏறினால் மொட்டு மலர்ந்துவிடும் என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஊரைவிட்டு வெகுதூரம். சங்கு எட்டாத தூரம்.

அந்த லாரியை ஓட்டியவன் புஷைப். மொட்டுப் பறிப்பைக் குத்தகை எடுத்தவன் ஹாஜியின் மச்சான். ஹத்தா லாரியில் ஏறும்போது புஷைப் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "மத்திய அடுக்குற மாதிரி அடுக்கி ஏறுங்கடி. பழக்கந்தான?"

பறித்த மொட்டுக்கு எடை போட்டுக் கூலி. முள் நகக்கண்ணில் ஏறியது. மத்தி முள்ளுக்குப் பழகிய விரல் இந்த முள்ளுக்குப் பழகவில்லை. ஹத்தாவின் வலது கட்டைவிரல் வீங்கிப் பழுத்து, ஒரு திங்கட்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. லாரி அவள் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டு மஹ்ஜூபா, பல வருஷமாக மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தலை கிள்ளியவள், ஜன்னலில் தட்டி, "படுத்துக்க, உன் பங்குக்கும் நான் திட்டு வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முற்பகலில் ஹத்தா விரலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது. மூன்று குட்டைக் கூவல், ஒரு நீண்ட இழுப்பு.

அவள் அழுதுவிட்டாள். அதை அவள் பிறகு யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே ஓடினாள். மீன் வந்துவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள். சங்கு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

ஆலைச் சந்தில் திரும்பியதும் நின்றாள். ஏதோ சரியில்லை. என்ன என்று புரிய ஒரு மூச்சு பிடித்தது. கூரைமேல் ஒரு கடற்காகம்கூட இல்லை. மீன் வண்டி திரும்பும் சந்தில் கூரை தெரியாமல் பறவை அப்பியிருக்க வேண்டும். வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரிக் கிடந்தது.

வாசலில் ஜிலாலி நின்றான். அவன் பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மனிதர், மூக்கில் கைக்குட்டையோடு. ஹத்தாவைப் போலவே வீட்டில் கிடந்த வயதான பெண்கள் மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். அந்த மனிதர் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"நீங்க யாரு?" என்றாள் ஹத்தா.

"கோர்ட்டுல இருந்து வந்த அமீனா, அம்மா."

"மீனு எங்க?"

"அது எனக்குத் தெரியாது. நான் பாக்கறத எழுதற ஆளு. ஆலை கூப்பிட்டுச்சு, யாரு வந்தா, யாரு வரல. அவ்வளவுதான்."

"வராதவங்களுக்கு?"

"ரெண்டு தடவ கூப்பிட்டும் வரலன்னா, தானா வேலைய விட்டுப் போனதா அர்த்தம். அவங்களுக்குப் பழைய பாக்கி, நஷ்டஈடு ஒண்ணும் கெடையாது." அவர் கைக்குட்டையை மடித்தார். "அடுத்த திங்களும் இந்த நாத்தத்துல வந்து நிக்கணும். என் தலையெழுத்து."

ஜிலாலி இதைக் கேட்கவில்லை. அவன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அமீனா கிளம்பியதும் ஹத்தாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"உன் பேரு எழுதியாச்சு. நீ தப்பிச்ச. வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. ஹாஜிகிட்டச் சொல்லி உனக்கு மட்டும் ஏதாவது பண்ணித் தரேன்."

"நீதான மேஸ்திரி அவங்கள லாரில ஏத்துன?"

"நான் வழி சொன்னேன். கால் அவங்களோடது."

சாயங்காலம் லாரி வந்தது. பெண்கள் இறங்குவதற்குள் செய்தி தெருவெல்லாம் பரவியிருந்தது. மஹ்ஜூபா கையில் மொட்டுச் சாக்கோடு நேரே ஹத்தாவின் வாசலுக்கு வந்தாள்.

"விரல் வலியாம் விரல் வலி! இன்னிக்கின்னு பாத்து வலிச்சுதா உனக்கு?"

"மஹ்ஜூபா, கேளு…"

"என்னத்தக் கேக்கறது? ஜிலாலி உன் காதுல குசுகுசுன்னு பேசுனானாமே. என்ன வெல சொன்னான்? எங்க எல்லாரையும் வித்ததுக்கு உனக்கு எவ்வளவு?"

"வித்திருந்தா உன்ன முதல்ல வித்திருப்பேன்டி, வாய் மட்டும் இல்லன்னா நல்ல வெல போகற சரக்கு நீ!"

மஹ்ஜூபா மொட்டுச் சாக்கை அவள் காலடியில் விட்டெறிந்தாள். பச்சை மொட்டுகள் வாசலெங்கும் உருண்டன. மற்றப் பெண்கள் ஹத்தாவைப் பார்த்த பார்வையில், அவள் இத்தனை வருஷம் அவர்களோடு ஒரே தட்டில் தின்றவள் என்பதே இல்லை.

ஹத்தா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் லஹ்சன் சுவரோரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். படகு கட்டிப்போட்டதிலிருந்து அவன் ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. பேசினால் ஐந்தும் கசப்பு.

"இன்னிக்கு ஒரு படகாவது வந்துதா?" என்று கேட்டாள்.

"கயிறு அவுக்கவே இல்ல. எதுக்கு?"

"சங்கு ஊதினான்."

"சங்கு ஊதறதுக்கு மீனு எதுக்கு? கரண்ட்டு போதும்."

அவன் குத்தலுக்காகச் சொன்னான். ஹத்தா அதைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக அவள் மீனுக்காக எழுந்து ஓடவில்லை. ஒரு கம்பியின் ஒரு முனையில் ஜிலாலியின் விரல் இருந்தது, மறுமுனையில் அவள் காது இருந்தது. மீன், கடல், கடவுள் எல்லாம் நடுவில் தொங்கவிட்ட திரை. இது புரிந்ததும் அவளுக்கு வந்தது துக்கம் இல்லை. பல் கடிக்கும் கோபம்.

தன் பெயர் எழுதப்பட்டதால் தான் தப்பவில்லை என்பதும் புரிந்தது. நான்கு கிழவிகளுக்காக எந்த முதலாளியும் ஆலை திறக்கப்போவதில்லை. எல்லோரும் ஒன்றாக நின்றால் இருபது வருஷ உழைப்புக்குக் கணக்குக் கேட்கலாம். தனியாக நின்றால் ஜிலாலி ஏதோ பண்ணித் தருவான், சர்க்கரைக் கட்டி மாதிரி.

மறுநாள் சாயங்காலம் அவள் மஹ்ஜூபாவின் கதவைத் தட்டவில்லை, உதைத்துத் திறந்தாள். கூடியிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"திட்டறதெல்லாம் அப்புறம் திட்டுங்க. அடுத்த திங்கக்கெழம அமீனா வரான். அவன் வாயாலேயே சொன்னான்."

"அப்ப அன்னிக்கு நாங்க யாரும் லாரி ஏற மாட்டோம்," என்றாள் மஹ்ஜூபா.

"ஏறலன்னா ஜிலாலி ஊத மாட்டான். அவன் தெனமும் விடியக்கால லாரிகிட்ட வந்து எதுக்கு நிக்கறான்னு நெனச்ச? உங்க அழகப் பாக்கவா? லாரி நெறஞ்சாத்தான் சங்கு. நீங்க வீட்டுல இருந்தா நாளத் தள்ளுவான். நமக்குப் பசி தாங்காது, அவனுக்குத் தாங்கும். அவன் சாப்பிட்டுட்டுக் காத்திருக்கறவன்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"லாரி ஏறணும். அவன் கண்ணு முன்னால ஏறணும். ஆனா போகக் கூடாது."

மஹ்ஜூபா கேட்டாள்: "லாரி ஓட்டறவன் யாருன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஹத்தா அதற்காகத்தான் இரவெல்லாம் பல்லைக் கடித்திருந்தாள்.

புஷைப் குயவர் மேட்டுக்குப் பின்னால் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் தெரிந்தது. ஹத்தா அந்தக் காலை உதைத்தாள்.

"எந்திரி. பேசணும்."

"கொக்கிக்குக் காசு கொண்டாந்தியா?" என்றது அடியிலிருந்து குரல்.

"இல்ல."

"அப்ப கெளம்பு."

"பனிக்கட்டி ஆலையில உனக்கு இன்னும் பாக்கி இருக்கா, இல்லியா?"

கால் அசையாமல் நின்றது. பிறகு புஷைப் எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தான். "உனக்கு என்ன அதப் பத்தி?"

"ஆலை சாவி உன்கிட்டதான இருக்கு?"

"பாக்கி குடுக்கற வரைக்கும் சாவி தர மாட்டேன்னேன். சிரிச்சாங்க. பூட்டி கெடக்கற கொட்டாய் சாவிய நீயே தின்னுன்னாங்க."

"அந்த ஆலையில பாதி பங்கு யாருக்கு?"

ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹாஜி தாஹருக்கு. பனிக்கட்டி ஆலைக்கும் மத்தி ஆலைக்கும் நடுச்சுவரில் ஒரு சரிவுத் துவாரம் இருந்தது. நொறுக்கிய பனிக்கட்டியை இந்தப் பக்கம் கொட்டினால் அந்தப் பக்கம் மத்தி மேஜைக்கு அருகில் போய் விழும். புஷைப் தன் வாலிபம் முழுவதையும் அந்தத் துவாரத்தில் கொட்டியவன்.

ஹத்தா சொல்ல வந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் சிரித்தான்.

"அதுக்கு அப்புறம் எனக்கு இந்த வேலையும் போயிடும்."

"இது வேலையா? உன்ன வெளிய தள்ளுனவனோட மச்சானுக்கு, என்ன வெளிய தள்ளறதுக்கு வண்டி ஓட்டற. இதுக்கு வேலன்னு பேரா? ஜிலாலி கை, உன் கை, ரெண்டும் ஒரே சங்குக் கம்பிலதான் இருக்கு புஷைப். அவனுக்குக் கூலி நெறய, உனக்குக் கொஞ்சம். அவ்வளவுதான் வித்தியாசம்."

"கெஞ்சிக் கேளு. செய்யறேனான்னு யோசிக்கறேன்."

"கெஞ்ச மாட்டேன்."

"அப்ப மன்னிப்புக் கேளு. கொக்கிக்கு."

ஹத்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தக் கொக்கி ஏற்கனவே விரிசல் விட்டிருந்துச்சு."

புஷைப் தரையில் காறித் துப்பினான். "உன் மூஞ்சிக்காக இல்ல. துவாரத்து வழியா அத்தன பொம்பளையும் எறங்குனா ஜிலாலி மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும். அதுக்குத்தான். குண்டா இருக்கறவங்கள முன்னால அனுப்பாத, அடச்சுக்கும்."

திங்கட்கிழமை விடியற்காலையில் ஜிலாலி லாரிக்குப் பக்கத்தில் நின்று, ஏறிய தலைகளை உதட்டசைவில் எண்ணினான். போன திங்கள் ஆலைக்கு வந்த கிழவிகள் உட்படப் பெண்கள் வழக்கம்போல ஒருவரையொருவர் இடித்துத் திட்டிக்கொண்டு ஏறினார்கள். மஹ்ஜூபா ஹத்தாவின் வீட்டுப் பக்கம் திரும்பி, "துரோகி, நல்லா தூங்குடி!" என்று கத்தினாள். அந்தக் கத்தலில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று ஹத்தாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

லாரி குயவர் மேட்டைச் சுற்றிப் போய், துறைமுகத்துப் பின்சந்து வழியாகத் திரும்பி, பூட்டிய பனிக்கட்டி ஆலையின் பின்கதவில் நின்றது.

முற்பகலில் சங்கு ஊதியது. மூன்று குட்டை, ஒரு நீளம்.

ஹத்தா இந்தத் தடவை ஓடவில்லை. பூட்ஸைத் துடைத்தாள். தலைத்துணியை நிதானமாகக் கட்டினாள். சந்தில் நடந்து போனாள். கூரைமேல் பறவை இல்லை. வாசலில் அமீனா, கைக்குட்டை. ஜிலாலி காலித் தெருவைப் பார்த்துக்கொண்டு, விருந்து வாசம் பிடித்தவன்போல நின்றான்.

"வா ஹத்தா. ஒத்தையா வந்தியா? மத்த மகாராணிங்கெல்லாம் எங்க?"

"உனக்குத் தெரியாதா மேஸ்திரி?"

"எனக்கு எப்படித் தெரியும்? சங்கு ஊதினேன். வரல. அவங்களுக்கு வேலை வேணாம் போல." அவன் அமீனா பக்கம் திரும்பினான். "எழுதுங்க ஐயா. நேரம் ஆகுது."

"ஐயா," என்றாள் ஹத்தா. "நீங்க பாக்கறத எழுதறவரா, மேஸ்திரி சொல்றத எழுதறவரா?"

அமீனாவின் காது சிவந்தது. "பாக்கறதத்தாம்மா எழுதுவேன்."

"அப்ப உள்ள வந்து பாருங்க."

"உள்ள என்ன இருக்கு? பூட்டி கெடக்கு!" என்றான் ஜிலாலி.

அப்போதுதான் சத்தம் வந்தது. பூட்டிய ஆலைக்குள்ளிருந்து. ஒரு கத்தி பலகையில் தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து, மீன் மலையாகக் குவிந்த நாளில் கேட்கும் அதே தடதடப்பு. ஜிலாலி சாவிக்கொத்தைப் பூட்டுத் துவாரத்தில் மாற்றி மாற்றிக் குத்தினான். அமீனா அதை வாங்கித் தானே திறந்தார்.

நீண்ட மேஜைகளின் இரு பக்கமும் பெண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சரிவுத் துவாரத்தின் துருவும் தூசியும் முகத்தில், முழங்கையில் சிராய்ப்பு, தலையில் வெள்ளைத் துணி. ஒவ்வொருத்தி முன்னாலும் வெறும் பலகை. துவாரத்திலிருந்து புஷைபின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, ஜிலாலியின் முகத்தைப் பார்ப்பதற்காக.

மஹ்ஜூபா கத்தியை நிறுத்தினாள். "மேஸ்திரி, கூப்பிட்டீங்க, வந்தோம். மீனக் கொட்டுங்க."

"இவளுங்க… இவளுங்க பூட்ட ஒடச்சு…"

"எந்தப் பூட்டு ஒடஞ்சிருக்கு?" என்றார் அமீனா. அவர் சுற்றிப் பார்த்தார். காய்ந்த தொட்டிகளைப் பார்த்தார். ஒட்டடை பிடித்த கொதிகலனைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அங்கே மீன் வாடையே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். "எல்லாரும் பேரு சொல்லுங்க," என்றார்.

பெயர் சொல்லி முடிந்ததும் ஜிலாலி கத்தினான்: "சரி, எழுதியாச்சில்ல? இன்னிக்கு மீனு இல்ல. வீட்டுக்குப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹத்தா காவல் அறைக்குள் போனாள். சுவரில் ஒரு கறுப்புப் பொத்தான். இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. வீங்கிய கட்டைவிரலால் அழுத்தினாள். மூன்று குட்டை. பிறகு, இதுவரை யாரும் இழுக்காத அளவுக்கு ஒரு நீளம்.

முதலில் ஓடிவந்தவன் லஹ்சன். அவன் பின்னால் படகுக்காரர்கள், வலை தைப்பவர்கள், தகர டப்பாக்காரர்கள். சந்து அடைத்துக்கொண்டது.

"மீனு வந்துதா?" என்று மூச்சிரைத்தான் லஹ்சன்.

"இல்ல. ஹாஜி வரணும்."

ஹாஜி தாஹர் மத்தியானத் தொழுகை முடிந்து காரில் வந்தார். வெள்ளை உடை, கையில் மணிமாலை. சந்தில் கார் நுழைய முடியாமல், இறங்கி, வலை நாற்றத்துக்கும் எண்ணெய் நாற்றத்துக்கும் நடுவில் நடந்து வர வேண்டியிருந்தது. மேஜைகளுக்கு நடுவில் நின்று, தழுதழுத்த குரலில் சொன்னார்:

"புள்ளைங்களா, நான் என்ன பண்ணுவேன்? மீனு கடவுள் கையில இருக்கு."

வயதான பெண்கள் சிலர் தலை குனிந்தார்கள். எத்தனையோ வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அந்தத் தலைகளைக் குனியவைத்திருக்கிறது.

"மீனு கடவுள் கையிலயே இருக்கட்டும் ஹாஜி," என்றாள் ஹத்தா. "சங்கு யாரு கையில இருந்துச்சு?"

மணிமாலை நின்றது. சந்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அது புஷைபின் சிரிப்பு. பிறகு வலை தைப்பவன் ஒருவன், தன் பாக்கியைப் பற்றிக் கத்தினான். பிறகு தகர டப்பாக்காரன். இத்தனை மாதம் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த பற்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. ஹாஜி அமீனாவைப் பார்த்தார். அமீனா எழுதிக்கொண்டிருந்தார்.

வேலையைவிட்டுத் தானாகப் போனார்கள் என்று பிறகு எந்தக் கோர்ட்டிலும் ஹாஜியால் சொல்ல முடியவில்லை. நஷ்டஈடு வந்தது. இழுத்து இழுத்து, வக்கீலுக்குப் போனது போக, தவணை தவணையாக, ஆனால் எல்லோருக்கும் வந்தது. புஷைபுக்கு வேலை போனது, அவன் சொன்னபடியே. அவன் தெற்குத் துறைமுகத்துக்குக் கிளம்பியபோது ஹத்தா பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு புதுக் கொக்கியை அவன் மடியில் போட்டாள். "இது மட்டமான இரும்பு," என்றான் அவன். "உனக்கு இது போதும்," என்றாள் அவள்.

மஹ்ஜூபா அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஹத்தாவும் மறக்கவில்லை. இரண்டு பேரும் சாகும்வரை ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இருந்து திட்டிக்கொள்வார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சூப்போடு வந்து நின்றும் திட்டுவாள்.

ஆலையை இடித்து அந்த இடத்தில் வாகனம் நிறுத்தக் காரை பூசினார்கள். தூரத்தில் இன்னும் ஒன்றிரண்டு ஆலைகளின் சங்கு ஊதுகிறது. ஹத்தா அசையாமல் தூங்குகிறாள்.